மலை லைனில் ஒரு பூட்டு

வானிலை முன்னறிவிப்பு தினமும் காலையில் சப்ஸ்டேஷனுக்கு வந்துவிடும். பெரும்பாலும் அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. வெயில் அடிக்கும், மாலையில் லேசாக மேகம் கூடும் என்று இருக்கும். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற சங்கதிக்கு எதற்குக் காகிதம் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை வந்தது அப்படியில்லை. வட்டாரம் முழுவதும் வெப்பம் இன்னும் கூடும், காற்றில் ஈரம் அறவே இருக்காது, மறுநாள் பகலிலிருந்து மலைப் பக்கமிருந்து வறண்ட காற்று பலமாக வீசும், இடையிடையே சூறையாக அடிக்கும், காட்டுத் தீ அபாயம் மிக மிக அதிகம் என்று போட்டிருந்தது. சுவிட்ச் அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார்.

மலையில் ஒன்றும் தெரியவில்லை. தைல மரங்கள் அசையாமல் நின்றன. அந்த அசையாமைதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் அதைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழிகாட்ட மாட்டார்கள். சுவிட்ச் அக்கா என்றால் சின்னப் பிள்ளையும் கூட்டிக்கொண்டு போய் விடும். ஊருக்குக் கரண்ட் வருவது அவர் வேலை பார்க்கும் சப்ஸ்டேஷன் வழியாக. அதனால் கரண்ட் போனால் வசவும் அவர் வழியாகத்தான் போகும். புழுக்கத்தில் தூக்கம் கலைந்தவர், மாவு மெஷினில் பாதி அரைத்து நின்றவர், தொடரில் மாமியார் கன்னத்தில் அறை விழும் நேரம் பார்த்து டிவி அணைந்தவர் எல்லோருக்கும் அவருடைய நம்பர் மனப்பாடம். அவர் யாரிடமும் கோபித்ததில்லை. “கட்டினவர திட்ட முடியாதவங்கெல்லாம் என்னத்தான் திட்டுறாங்க. திட்டிட்டுப் போகட்டும், குடும்பமாவது நல்லா இருக்கும்” என்பார்.

அவருடைய கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையிலேயே மெஷினைப் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுகிறவள் வீட்டில் பியூஸ் போன பல்பை மாற்ற ஆளில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு உறவென்று மிச்சம் இருந்தது ஒரே தங்கை. அவள் மலைச்சரிவில் இருந்த குடியிருப்பில் வாழ்ந்தாள்.

சப்ஸ்டேஷனிலிருந்து மூன்று லைன்கள் பிரிந்தன. ஒன்று ஊருக்கு, ஒன்று ஆலைக்கு, மூன்றாவது மலைக்கு. மலை லைன்தான் தலைவலி. தைல மரக் காட்டுக்கு நடுவே ஏறிப் போய்க் குடியிருப்பில் முடியும். தைல மரம் பச்சையாக இருக்கும்போதே எண்ணெய்ப் பந்தம் போல எரியக்கூடியது. காற்றில் ஒரு கிளை முறிந்து கம்பி மேல் விழுந்து, ஒரு பொறி உதிர்ந்தால் போதும். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு முறை நடந்தது. கம்பி அறுந்து விழுந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் தானாக நின்றது. அன்று பொறுப்பில் இருந்தவர், ஏதோ பறவை பட்டிருக்கும் என்று மறுபடி போட்டார். அப்போதும் நின்றது. திரும்பவும் போட்டார். தரையில் கிடந்த கம்பி ஒவ்வொரு முறையும் காய்ந்த புல்லில் நெருப்பைக் கக்கியிருக்கிறது. சரிவின் கிழக்குப் பக்கம் முழுவதும் கருகியது. அதற்குப் பிறகுதான், காற்று பலமாக இருக்கும் நாளில் மலை லைனை முன்கூட்டியே நிறுத்தலாம் என்று விதி வந்தது.

அன்று மாலையே பொறியாளர் வந்துவிட்டார். இளவயதுக்காரர், எதையும் யோசித்துப் பேசுகிறவர். முன்னறிவிப்பை மேசை மேல் வைத்து, விரலால் அழுத்தியபடி, நாளைக் காலையில் மலை லைனை எடுத்துவிடலாம் என்றார். காற்று அடங்கும் வரை போட வேண்டாம், குடியிருப்புக்குத் தகவல் சொல்லிவிடுகிறேன் என்றார்.

அதைக் கேட்டு அக்கா தலையாட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை. லைனை எடுக்காமல் ஆளை நிறுத்திக் கண்காணிக்கலாமே என்றார். பொறியாளர் அவரை ஆச்சரியத்தோடு பார்த்தார். மலை லைனை நிறுத்துவதற்கு எப்போதும் முதலில் நிற்பவர் இவர்தான்.

காரணம் தங்கையின் கணவர். கல் உடைக்கும் ஆலையில் பல வருடம் தூசியைத் தின்றவர். நுரையீரல் கல்லாகிவிட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் குழாய் மூக்கில் இருக்கும். மெஷின் நின்றால் ஒரு சிலிண்டர் உண்டு, அது கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும்.

அக்கா இதைச் சொன்னதும் பொறியாளர் முன்னறிவிப்பை மடித்து வைத்தார். பிறகு, அவரைக் கீழே உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள், வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். சரியான யோசனைதான். அக்கா உடனே தங்கைக்குப் போன் போட்டார்.

போனை வாங்கிப் பேசியது தங்கையின் கணவர். மூச்சுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே பேசுவார் அவர்.

“அண்ணி, உங்க ஊர் வெக்கையில வந்து நான் கிடக்கவா? போன தடவையும் இப்படித்தான் காத்து வருது காத்து வருதுன்னு கரண்ட எடுத்தீங்க. ஒரு துணி கூட கொடியில ஆடல.”

“மாப்பிள்ள, இது அந்த மாதிரி இல்ல. பேப்பர்லயே போட்டிருக்கு.”

“பேப்பர்ல என் வயசு கூடத்தான் தப்பா போட்டிருக்கு. மளிகைக்காரர்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு. வயர் இழுத்துக்கலாம்னு சொல்லிட்டார். நீங்க நிம்மதியா எடுங்க.”

தங்கை போனை வாங்கி, அவரை அசைத்துக் கீழே கொண்டு வந்தால் வழியிலேயே மூச்சு இளைத்துவிடும், போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததற்கே ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வர மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவரைத் தூக்கிக்கொண்டா வர முடியும்? அக்கா மேலும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே வெயில் சுட்டது. லைனை எடுக்கும் நேரத்தில் லைன்மேன் குருவி வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள். எந்தக் கம்பத்திலும் கண்மூடித் திறப்பதற்குள் ஏறி உட்கார்ந்துவிடுவார். அதனால் அந்தப் பெயர். லைன் எப்படியும் நிற்கிறது, காற்று கிளம்புவதற்குள் குடியிருப்புக்குக் கீழே கம்பியை உரசிக்கொண்டிருக்கும் கிளைகளை வெட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். கூட வர வேண்டியவர் காய்ச்சலில் கிடந்தார். தனியாகப் போகாதே என்று அக்கா சொன்னார். கம்பத்தில் ஏற மாட்டேன், தரையில் நின்றே தொரட்டியால் இழுத்துவிடுவேன் என்று குருவி சத்தியம் செய்தார். குருவியைத் தரையில் நில் என்றால் நிற்குமா என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிளைகளும் அவர் கண்ணில் உறுத்திக்கொண்டுதான் இருந்தன.

பிரேக்கரைத் திறந்து லைனை நிறுத்தியதும் இருவருமாக வெளியே கம்பங்கள் நிற்கும் யார்டுக்குப் போனார்கள். அங்கே மலை லைனைத் துண்டிக்கும் இரும்புக் கைப்பிடி ஒன்று கம்பத்தோடு நிற்கும். அக்கா அதைக் கீழே இழுத்தார். குருவி தன்னுடைய சொந்தப் பூட்டை அதில் மாட்டிப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேலைக்குப் போகிறவர் பூட்டுவார், வேலை முடிந்து வந்து அவரே திறப்பார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. சப்ஸ்டேஷனில் எத்தனையோ விதி உண்டு. யாரும் விளையாட்டுக்குக்கூட மீறாத விதி அது ஒன்றுதான்.

குருவியின் மோட்டார் சைக்கிள் வளைவு திரும்பியபோதே காற்று வந்துவிட்டது.

அது எங்கள் ஊர்க் காற்று இல்லை. அடுப்பு வாயிலிருந்து வருவது போல வந்தது. முதலில் சப்ஸ்டேஷன் கேட் தானாகத் திறந்து, தானாக அறைந்து சாத்தியது. தையல்காரரின் கடைப் பலகை தெருவில் உருண்டு போனது. நடந்து போனவர்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். வாய் உலர்ந்தது, எச்சில் விழுங்கினால் தொண்டை ஒட்டியது. நாய்கள் வாகனங்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டாலும் வரவில்லை. அக்கா கட்டுப்பாட்டு அறையின் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். மலையில் தைல மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து இலைகளின் வெளுத்த அடிப்புறத்தைக் காட்டின. லைனில் கரண்ட் இல்லை என்பதை நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. எந்தக் கிளை விழுந்தாலும் இனிப் பொறி வராது.

குருவிக்குப் போன் போட்டுப் பார்த்தார். ஒரு முறை மணி அடித்து நின்றது. அதன் பிறகு அடிக்கவே இல்லை. தங்கையின் போனும் அப்படியே. மலையில் இருக்கும் டவருக்கும் அதே லைனிலிருந்துதான் கரண்ட். அதன் பேட்டரி இறங்கிவிட்டது என்று அவருக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

மதியம் தாண்டியிருக்கும். குடியிருப்பின் மேல் முனையில், மளிகைக்கடை இருக்கும் இடத்தில், நூல் போல ஒரு புகை எழுந்தது. அக்கா எழுந்து நின்றார். காற்று அந்த நூலை உடனே மடக்கித் தரையோடு படுக்க வைத்தது. அடுத்து அவர் பார்த்தபோது அது நூலாக இல்லை.

என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. மளிகைக்காரர் சொன்னபடியே தன் கடையின் பின்பக்கத்தில் ஜெனரேட்டரை ஓட்டி, தங்கை வீட்டு மெஷினுக்கு வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். காலையிலிருந்து ஓடிய ஜெனரேட்டரில் பெட்ரோல் தீரப் போனது. அணைத்துவிட்டு ஊற்ற வேண்டும். அணைத்தால் மெஷின் நிற்கும். ஓடும்போதே கேனைச் சாய்த்தார். காற்று பெட்ரோலை அள்ளிச் சூடான இரும்பின் மேல் வீசியது. கையில் பற்றிய நெருப்போடு அவர் கத்திக்கொண்டு ஓடியபோது, பின்னால் வேலியும் வேலிக்கு அப்பால் காய்ந்த சருகும் பிடித்துக்கொண்டன.

தீயணைப்பு வண்டிகள் இரண்டு மலையேறின. கொண்டு போன தண்ணீர் முதல் வரிசை வீடுகளிலேயே தீர்ந்தது. திரும்ப நிரப்ப ஊருக்குத்தான் வர வேண்டும். குடியிருப்பின் அடியில் பெரிய கிணறும் மோட்டார் அறையும் இருந்தன. மோட்டார் ஓடினால் அங்கேயே வண்டிகளை நிரப்பிக்கொள்ளலாம். மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும்.

பொறியாளர் ஜீப்பில் புயலாக வந்தார். கையில் இரும்பு வெட்டும் பெரிய கட்டர் இருந்தது. நேராக யார்டுக்குப் போனார். அக்கா அவருக்கு முன்னால் போய்க் கைப்பிடிக்கு எதிரே நின்றார்.

தீயணைப்பு அதிகாரி ஓயாமல் கேட்கிறார், மோட்டார் மட்டும் ஓடினால் கீழ் வரிசையைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் என்று பொறியாளர் சொன்னார். குருவி இன்னும் வரவில்லை என்று அக்கா சொன்னார். புகையைப் பார்த்திருப்பான், லைனை விட்டுப் போயிருப்பான் என்றார் அவர். பார்த்தவர்கள் உண்டா என்று இவர் கேட்டார். இல்லை.

“அக்கா, நகருங்க.” அதுவரை அவர் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. மேடம் என்றுதான் சொல்வார்.

“சார், இது குருவியோட பூட்டு. நீங்களும் நானும் பூட்டினது இல்ல.”

“மேல வீடுங்க எரியுது.”

“தெரியுது சார்.”

“உங்க தங்கச்சி மேல இருக்காங்க இல்ல?”

“இருக்கா.”

பொறியாளர் கட்டரைப் பிடித்தபடி நின்றார். அக்காவின் கை பூட்டின் மேல் இருந்தது. வெயிலில் அது கொதித்தது, கையை எடுக்கவில்லை. மலையில் ஏதோ வெடிக்கும் சத்தம் காற்றில் வந்தது. சமையல் சிலிண்டராக இருக்கும். பிறகு இன்னொன்று.

“ஒருவேளை அவன் கம்பத்துல கயித்துல தொங்கிட்டிருந்தா சார்? மயங்கி மேலேயே சாஞ்சு கிடந்தா?” என்றார் அக்கா. “அவன் வாயால இறங்கிட்டேன்னு கேட்காம நான் போட மாட்டேன். நீங்க போடணும்னா என்னத் தள்ளிட்டுப் போடுங்க.”

அவர் தள்ளியிருக்க முடியும். அவர் உடம்பும் பெரியது, அதிகாரமும் பெரியது. கட்டரைத் தரையில் போட்டுவிட்டு, கட்டுப்பாட்டு அறைப் படியில் போய் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, இன்னும் ஆள் வரவில்லை, இன்னும் ஆள் வரவில்லை என்று அதையே சொன்னார். மறுமுனையில், மலையடிவாரத்தில் நின்ற தீயணைப்பு அதிகாரி பேசிய வார்த்தைகள் அக்கா நின்ற இடம் வரை கேட்டன. தடுத்து நிற்பது ஒரு பெண் என்று தெரிந்திருந்தால் அந்த வார்த்தைகளில் பாதியை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது. புகை சூரியனை மறைத்து, பகல் வெளிச்சம் துருப்பிடித்தது போல ஆனது. சாம்பல் பறந்து வந்து யார்டின் ஜல்லி மேல் விழுந்தது. அதில் பாதி எரிந்த தைல இலைகள் இருந்தன. அவற்றிலிருந்து தலைவலி மருந்தின் மணம் வந்தது.

கடைசியில் பொறியாளரின் போனில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மலையடிவாரத்தில் நின்ற லாரிக்காரர் ஒருவரின் போன். பேசியவர் குருவி. பொறியாளர் ஓடி வந்து அக்காவின் காதில் வைத்தார்.

“அக்கா, நான் கீழ ரோட்டுக்கு வந்துட்டேன். லைன்ல யாரும் இல்ல.”

“நீ மட்டும்தானே போன?”

“நான் மட்டும்தான். சாவி எங்கயோ விழுந்துடுச்சு. வெட்டிடு.”

அக்கா கட்டரை எடுத்து அவரே வெட்டினார். முதல் அழுத்தத்தில் வரவில்லை. பொறியாளரும் சேர்ந்து பிடித்தார். கைப்பிடியை மேலே தள்ளிவிட்டு உள்ளே ஓடிப் பிரேக்கரைப் போட்டார். பிரேக்கர் ஒரு கணம் பிடித்து, துப்பாக்கி போலச் சத்தமிட்டுத் தானாக நின்றது. தீ அதற்குள் கம்பங்களுக்கு வந்துவிட்டது. இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் என்று பொறியாளர் சொல்ல வாயெடுத்தார். அக்கா பேனலை விட்டு நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் சொல்லவில்லை.

குடியிருப்பில் கீழ் வரிசை மொத்தமும் போனது. மேல் வரிசையில் ஓரத்தில் நின்ற சில வீடுகள் மட்டும் எப்படியோ தப்பின. தீ அவற்றைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறது. மனித உயிர் போகவில்லை என்று அன்று இரவுச் செய்தியில் சொன்னார்கள். அன்றைக்கு அது உண்மைதான்.

தங்கையும் அவள் கணவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அக்கா போனபோது தங்கை வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புருவம் கருகியிருந்தது. காலில் செருப்பில்லை. ஜெனரேட்டர் நின்றதும் சிலிண்டருக்கு மாற்றியதையும், புகை உள்ளே வந்ததையும், அவரால் பத்தடி நடக்க முடியாமல் வாசலிலேயே மடிந்து உட்கார்ந்ததையும் கோர்வையில்லாமல் சொன்னாள். எங்கிருந்தோ குருவி வந்திருக்கிறார். எதுவும் பேசாமல், கம்பத்தில் ஏறக் கட்டும் இடுப்பு வாரால் அவரைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு, ஒற்றையடிப் பாதை வழியாகவே ரோடு வரை இறங்கியிருக்கிறார். இவள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள்.

அக்கா கேட்டுக்கொண்டார். யார்டில் நடந்ததைத் தங்கையிடம் அப்போது சொல்லவில்லை.

குருவி பக்கத்து வார்டில் முழங்கையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எப்போது லைனை விட்டு இறங்கினாய் என்று அக்கா கேட்டார்.

குருவி கூரையைப் பார்த்தார். “உண்மையச் சொல்லவா அக்கா, உனக்கு நல்லா இருக்கிறதச் சொல்லவா?”

“உண்மையச் சொல்லு.”

“முதல் புகையப் பாத்ததுமே இறங்கிட்டேன். அப்ப லைன் சுத்தமா இருந்துச்சு. எல்லாக் கிளையும் வெட்டி முடிச்சிருந்தேன்.”

அக்கா சரி என்றார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். அதை உரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாப்பிடவில்லை. தையல்காரர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். இரவு முழுவதும் காற்று கூரைத் தகட்டை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் கை விரல்கள் இறுகியதைக் கணவர் பார்த்தார்.

தங்கையின் கணவர் பிறகு கண்ணைத் திறந்தார், பேசினார், நர்ஸைக் கிண்டல்கூடச் செய்தார். ஆனால் உள்ளே போன புகை உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு மாதத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

ஊர் வாய்க்கு என்ன, மூட உலைமூடியா இருக்கிறது? கரண்டை எடுத்ததால்தான் ஜெனரேட்டர், ஜெனரேட்டரால்தான் தீ, தீயை அணைக்க விடாமல் தடுத்ததும் அதே பொம்பளை என்று டீக்கடையில் கணக்கு முடித்தார்கள். கரண்ட் ஓடியிருந்தால் ஒரு கிளை போதும், குடியிருப்பு மட்டுமில்லை, ஊரே போயிருக்கும் என்று சிலர் மறுத்தார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டு, விதிப்படிதான் நடந்திருக்கிறது, தவறு என்று யார் மேலும் சொல்ல முடியாது என்றார்கள். தவறு இல்லை என்று சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று நினைப்போம். அக்காவுக்கு ஆகவில்லை. தவறு செய்தவனுக்குத் திருந்த ஒரு வழியாவது உண்டு; இவர் எதைத் திருத்துவார்? மறுபடி அதே பகல் வந்தாலும் அதே பூட்டின் மேல்தான் கையை வைத்திருப்பார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மளிகைக்காரர் இரண்டு கையிலும் கட்டோடு ஒருநாள் வீடு தேடி வந்தார். கடை போய்விட்டது, சரக்கு போய்விட்டது. அவர் அழுதது அதற்கல்ல.

“ஒரு நிமிஷம் அணைச்சுட்டு ஊத்தியிருக்கலாம் அக்கா. சிலிண்டர் இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல அவர் மூச்சுதான் ஞாபகம் வந்துச்சு.”

தையல்காரர் அவருக்குத் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்துப் பிடித்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 

தங்கை அக்காவின் வீட்டில்தான் இருந்தாள். காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதுமாகத் தையல்காரருக்கு உதவினாள். பூட்டின் கதை அவள் காதுக்குத் தெருக்குழாயில் வைத்துத்தான் வந்தது. சொன்னவள் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னாள். தங்கை குடத்தை வைத்துவிட்டு வந்து, அன்று முழுவதும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, ஒரே பானைச் சோற்றைப் போட்டுக் கொடுத்துக்கொண்டு, பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உடன்பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். தையல்காரர் இருவருக்கும் நடுவில் தூது போய்ப் போய், கடைசியில் தானும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அப்படிப் பல நாள் போன பிறகு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது தங்கையே ஆரம்பித்தாள்.

“பூட்ட ஏன் வெட்டல?”

“அவன் கம்பத்துல இருக்கான்னு நினைச்சேன்.”

“இல்லையே.”

“இல்ல.”

தங்கை ஒரு சட்டையின் கையை நீவி மடித்தாள். அது அவள் கணவருடையது; ஆஸ்பத்திரியில் போட்டிருந்த சட்டை, மிஞ்சியது அது ஒன்றுதான். “இறங்காம இருந்து, நீயும் பூட்ட வெட்டியிருந்தா, அந்தாள நீ கொன்னிருப்ப. அவர் முதுகுலதான் இவர் வந்தார்” என்றாள். பிறகு, “உன்ன மன்னிச்சுட்டேன்னு சொல்லல. அதையும் நினைச்சுப் பாத்தேன்னு சொல்றேன்” என்றாள்.

அக்கா அடுத்த துணியை எடுத்தார். இருவரும் மிச்சத் துணிகளை மடித்து முடித்தார்கள். அதன் பிறகு பேச்சு வந்தது. உப்புப் போதுமா, கதவைச் சாத்தினாயா என்கிற அளவில்தான், ஆனாலும் வந்தது.

இப்போது தங்கை மீண்டும் மலைக்கே போய்விட்டாள். எரிந்த வீட்டின் சுவர்களுக்கு மேல் தகரம் போட்டு ஓர் அறையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். அவர் வாழ்ந்த இடம் அது, வேறெங்கும் எனக்குத் தூக்கம் வரவில்லை என்றாள். அக்கா லீவு நாட்களில் ஏறிப் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுக்கிறார். குருவி சில நாள் வந்து ஆணி அடித்துக் கொடுக்கிறார். மளிகைக்காரர் சாக்கு விரித்துச் சோப்பும் தீப்பெட்டியும் வைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்.

சரிவில் ஒரு மரம் இல்லை. கரிக்கட்டைகள் நிற்கின்றன, அவ்வளவுதான். வேர் செத்த மண் நடக்கும்போதே காலடியில் சரிகிறது. மேலே எங்கோ ஒரு கல் கழன்று, எதிலும் முட்டாமல் கீழே வரை உருண்டு போகும் சத்தம் அடிக்கடி கேட்கிறது. முன்பு மரங்கள் அதைப் பிடித்து நிறுத்திவிடும். நெருப்பு எரிந்த நாட்களில் மழை வராதா என்று வானத்தைப் பார்த்து ஏங்கியவர்கள், இப்போது மேகம் கூடினால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். முதல் பெருமழைக்கு இந்த மண் நிற்காது என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் தகரத்தின் மேல் கல் வைத்துக்கொண்டிருந்தபோது, மேற்கே மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. தங்கை கல்லைக் கையில் வைத்தபடியே அதைப் பார்த்தாள்.

“இன்னைக்கு ராத்திரி கீழ வந்துடு” என்றார் அக்கா.

தங்கை கையிலிருந்த கல்லைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டு அடுத்த கல்லை எடுக்கக் குனிந்தாள்.